எலும்புக்கு என்ன சத்தம்?

அந்த வீட்டில் யாராவது துணி அலமாரிக்குள் உட்கார்ந்து தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அது அம்மா. வேலையில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

பகலில் அம்மாவுக்கு வேறு வேலை. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி இருப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, தேநீர் குடித்ததும் அலமாரிக் கதவைத் திறப்பாள். தொங்கும் சட்டைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காருவாள். அவள் மூக்குக்கு நேராக ஒரு மைக் தொங்கும்.

“வணக்கம். இது ‘அது ஏன் அப்படி?’ உங்கள் காதுக்கு வந்திருக்கும் ஒரு கேள்வி.”

அதுதான் அவளுடைய அறிவியல் பாட்காஸ்ட். கொட்டாவி ஏன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது? பூனை விழும்போது எப்படிக் காலை முதலில் ஊன்றுகிறது? சோப்பு நுரை எந்த நிறச் சோப்பிலும் வெள்ளையாகவே இருப்பது ஏன்? இப்படி வாரம் ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது வெளிவரும். காய் நறுக்குகிறவர்களும் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவர்களும் பேருந்தில் தூங்கி வழிகிறவர்களும் அதைக் கேட்பார்கள்.

ஆனால் ஏன் அலமாரி? வெறும் சுவர் குரலைப் பந்து மாதிரித் திருப்பி அடித்துவிடும். துணி அப்படிச் செய்யாது. குரலை வாங்கித் தன் மடிப்புகளுக்குள் வைத்துக்கொள்ளும். அதனால் அலமாரிக்குள் பேசினால், கேட்பவரின் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளர். சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து, கட்டில்மேல் சம்மணம் போட்டு, பதிவுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொள்வார். அதை மாட்டியதும் அவருக்கு எறும்பு தும்மினாலும் கேட்கும் என்று அம்மா கேலி செய்வாள்.

மூன்றாவது ஆள், அம்மாவின் மகள். பத்து வயது. பள்ளியில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. வீட்டில் எல்லோரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். பதிவு தொடங்கும் முன் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நிறுத்துவது அவள் பொறுப்பு.

“ஃபியூஸ்! மின்விசிறி?”

“நிறுத்தியாச்சு.”

“கடிகாரம்?”

“துண்டுல சுத்திக் குளியலறையில வெச்சாச்சு.”

“ஃப்ரிட்ஜ்?”

“உங்க வண்டிச் சாவியைக் குடுங்க முதல்ல.”

ஃப்ரிட்ஜ் உறுமுகிற சத்தம் பதிவில் விழும். அதனால் அதையும் நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்தியதை மறந்துவிட்டால் பால் கெட்டுப்போகும். அதற்கு ஒலிப்பதிவாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். பிறகு சாவியை எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது, சாவியை எடுக்கப் போனால் ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்துவிடும். மாமா எப்போதும் குளிர்ந்த சாவியோடுதான் வீட்டுக்குப் போவார்.

எல்லாம் அடங்கியதும் ஃபியூஸும் ஒரு சின்ன ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாமா பக்கத்தில் உட்காருவாள். அம்மா பேசுவதைக் கேட்பது மாமாவின் வேலை. அம்மாவின் பேச்சுக்குப் பின்னால் கேட்பதைக் கேட்பது அவள் வேலை. நாய் குரைக்கிறதா, ஆட்டோ ஹாரன் அடிக்கிறதா, யாராவது குழாயைத் திறக்கிறார்களா? கேட்டால் உடனே கையைத் தூக்க வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை புதிய கேள்வியைத் தொடங்கினார்கள். ஒடிந்த எலும்பு எப்படி ஒட்டிக்கொள்கிறது?

“எலும்பை நாம் ஒரு குச்சி மாதிரி நினைக்கிறோம்,” என்று அம்மா அலமாரிக்குள்ளிருந்து ஆரம்பித்தாள். “காய்ந்த, உயிரில்லாத குச்சி. ஆனால் எலும்பு...”

டக்.

ஃபியூஸ் கையைத் தூக்கினாள்.

“என்ன அது?” என்றார் மாமா.

“மேல இருந்து வருது.”

காத்திருந்தார்கள். சத்தமில்லை. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “எலும்பை நாம் ஒரு குச்சி மாதிரி...”

டக். சர்ர்ர். டக்.

“மேல் வீட்டுல புதுசா யாரோ வந்திருக்காங்கல்ல?” என்றாள் அம்மா, சட்டைகளுக்கு நடுவே தலையை நீட்டி.

“வந்து இன்னும் அலமாரியை நகர்த்தி முடியலை போல. ஒரு வாரமாவா நகர்த்துவாங்க?” என்று மாமா சலித்துக்கொண்டார். “ஃபியூஸ், நீ போய்ச் சொல்லிட்டு வா. நான் போனா சண்டை வந்துடும்.”

“நான் என்ன சொல்லணும்?”

“மரியாதையாச் சொல்லு. சின்னப் பொண்ணு மரியாதையாச் சொன்னா உலகமே கேட்கும்.”

ஃபியூஸ் படியேறும்போதே வாக்கியத்தை மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மணியை அழுத்தினாள். கதவு பாதி திறந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓர் ஆன்ட்டி எட்டிப் பார்த்தார்.

“வணக்கம் ஆன்ட்டி. நாங்க கீழ் வீடு. எங்கம்மா ‘அது ஏன் அப்படி?’ நிகழ்ச்சிக்கு ஒலிப்பதிவு பண்றாங்க. சத்தம் கேட்குது. தயவுசெஞ்சு சத்தம் வராமப் பாத்துக்க முடியுமா?”

ஆன்ட்டி பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு கனமான ஆண் குரல் வந்தது. “விளங்குச்சு. இனி சத்தம் வராது.”

அவ்வளவுதான். எவ்வளவு எளிது! ஃபியூஸ் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

அன்று சத்தம் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை மேல் வீட்டில் ஆளே இல்லையோ என்று சந்தேகம் வந்தது. நாற்காலி நகரவில்லை, பாத்திரம் உருளவில்லை.

“இப்படி மேல் வீட்டுக்காரங்க கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்,” என்று மாமா கூரையைப் பார்த்துக் கும்பிட்டார். “ஃபியூஸ், உன்னை எங்க வானொலி நிலையத்துக்கே கூட்டிட்டுப் போகணும். எங்க மேலாளர் எந்நேரமும் விசிலடிச்சுக்கிட்டே நடக்கறார்.”

மாமாவுக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஓர் அசல் சத்தம் வைப்பது அவருடைய வழக்கம். பசியைப் பற்றிப் பேசிய வாரம், ஃபியூஸின் வயிற்றில் மைக்கை வைத்து அது உறுமுகிறவரை சாப்பாடு தராமல் உட்கார வைத்திருந்தார். இந்த வாரம் எலும்பு ஒடியும் சத்தத்துக்கு ஒரு கிலோ கேரட் வாங்கி வந்து, ஒவ்வொன்றாக மைக்குக்கு முன்னால் ஒடித்துப் பார்த்தார். ஏழாவது கேரட் பிரமாதமாக ஒடிந்தது. கேட்டதும் அம்மாவே முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

“ஒடியறது சரி. ஒட்டறதுக்கு என்ன சத்தம்?” என்று மாமா மோவாயைச் சொறிந்தார்.

“எலும்பு சத்தம் போடாமத்தான்டா ஒட்டும்,” என்றாள் அம்மா.

“அதான் பிரச்சினையே. இதயம் அடிக்குது, வயிறு உறுமுது, நுரையீரல் மூச்சு விடுது. இந்த எலும்பு மட்டும் கமுக்கமா வேலையை முடிச்சுட்டுப் போயிடுது. நான் காதுக்கு எதைக் குடுக்கறது?”

அந்த வாரம் முழுக்க வீட்டில் கேரட்தான். ஒடித்ததை வீணாக்கக் கூடாது அல்லவா?

சனிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பகுதி மட்டும் பாக்கி. மறுநாள் காலை நிகழ்ச்சி வெளிவந்தாக வேண்டும். ஃபியூஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேச்சுக்குப் பின்னால் காதை வைத்தாள்.

பின்னால் ஒன்றுமே இல்லை. நாய் இல்லை. ஹாரன் இல்லை. கூரைக்கு மேலே, இறகு விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதி. கேட்பதற்கு எதுவுமே இல்லாததால், முதல் முறையாக அவள் காது அம்மா பேசுவதைக் கேட்கத் தொடங்கியது.

“விண்வெளியில் மாதக்கணக்கில் மிதந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு எலும்பு மெலிந்துபோகிறது. ஏன் தெரியுமா? அங்கே எலும்புக்குத் தாங்குவதற்கு எடையில்லை. தாங்க வேண்டிய வேலை இல்லையென்றால், எலும்பு தன்னை வலுவாக வைத்துக்கொள்வதை விட்டுவிடுகிறது. எலும்புக்குள் இருக்கும் நுண்ணிய செல்கள், நாம் ஊன்றும் ஒவ்வொரு அடியையும் உணர்கின்றன. ‘இந்த இடத்தில் பலம் வேண்டும்’ என்று செய்தி அனுப்புகின்றன. அதனால்தான் ஒடிந்த கால் ஓரளவு ஒட்டியதும், மருத்துவர் நம்மை எழுந்து நடக்கச் சொல்கிறார். முதலில் நான்கு கால் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மெல்ல ஓர் அடி. காலை இழுத்து, இன்னோர் அடி...”

ஃபியூஸின் கை தானாக மேலே போனது.

மாமா பதிவை நிறுத்தினார். “என்ன கேட்டுச்சு? எனக்கு ஒண்ணும் கேட்கலையே.”

“ஒண்ணும் கேட்கலை மாமா.”

“பின்ன எதுக்குக் கையைத் தூக்கின?”

“ஒண்ணுமே கேட்கலை. அதான்.” அவள் ஹெட்போனைக் கழற்றினாள். “டக், சர்ர்ர், டக். அது அலமாரி நகர்த்தற சத்தம் இல்ல மாமா. சட்டத்தை ஊன்றி, காலை இழுத்து, மறுபடி ஊன்றி... மேல யாரோ நடந்திருக்காங்க. நான் போய் நிறுத்தச் சொல்லிட்டேன்.”

அம்மா அலமாரியிலிருந்து வெளியே வந்தாள். தலையில் ஒரு சட்டைக் கை மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“நிச்சயமாத் தெரியுமா?” என்றாள்.

“தெரியாது. போய்க் கேட்டுட்டு வரேன்.”

இந்த முறை படியேறும்போது அவளிடம் தயாராக எந்த வாக்கியமும் இல்லை. மணியை அழுத்தினாள். கதவு உடனே திறந்தது. ஆன்ட்டியின் முகத்தில் கலவரம்.

“கேட்டுடுச்சா? ஒரு கரண்டிதாம்மா. கை நழுவிக் கீழ விழுந்துடுச்சு. மன்னிச்சுக்க.”

ஆன்ட்டி காலில் இரண்டு ஜோடி காலுறை போட்டிருந்தார். சத்தம் வராமல் நடப்பதற்காக என்று பார்த்ததுமே புரிந்தது.

“இல்ல ஆன்ட்டி. நான் உள்ள வரலாமா?”

உள்ளே, கூடத்தில், தரை வெறுமையாக இருந்தது. நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அகலமான தோள், நரைத்த மீசை. இடது கால் ஒரு முக்காலியின் மேல் நீட்டியிருந்தது. மூலையில் நான்கு கால் அலுமினியச் சட்டம் ஒன்று நின்றது. நடக்க முடியாதவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கும் வாக்கர். அதன்மேல் ஓர் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

“நீதான் கீழ் வீட்டுப் பொண்ணா?” என்றார் அவர். அதே கனமான குரல். “இந்த வாரம் என்ன தலைப்பு? சொல்லு, வெளிய விடமாட்டேன்.”

“நீங்க எங்க நிகழ்ச்சி கேப்பீங்களா?”

“ஒரு வாரம் விட்டதில்லை! மைதானத்தைச் சுத்தி ஓடறப்ப கேட்டுக்கிட்டே ஓடுவேன். கொட்டாவி பத்திச் சொன்ன அன்னிக்கு ஓட முடியாம நின்னு நின்னு கொட்டாவி விட்டேன். கீழ் வீட்டுலதான் அது தயாராகுதுன்னு நீ வந்து சொன்னப்பதான் தெரிஞ்சுது. இவகிட்ட சொன்னேன், நம்மால அதுக்கு ஒரு இடைஞ்சல் வரக்கூடாதுன்னு.”

“எந்த மைதானம் அங்கிள்? நீங்க விளையாட்டு வீரரா?” என்று கேட்டாள் ஃபியூஸ்.

“கால்பந்து நடுவரும்மா,” என்றார் ஆன்ட்டி. “பந்து பின்னாடி ஓடாம, ஆளுங்க பின்னாடி ஓடறவர். மழையில வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சுபோச்சு. இப்ப ஓரளவு ஒட்டிடுச்சு. தினமும் காலையும் சாயங்காலமும் நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். கால் தடுக்கும்னு விரிப்பெல்லாம் சுருட்டி வெச்சாச்சு. நல்லாத்தான் நடந்துக்கிட்டிருந்தார். திங்கட்கிழமையில இருந்து உட்கார்ந்தவர்தான்.”

“நாங்க பதிவு பண்றப்ப மட்டும்தான் அங்கிள்...”

“நீங்க எப்பப் பண்றீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? கீழ பேசறவங்க பேசி முடிச்சாங்களான்னு தரையில ஓட்டை போட்டா பாக்க முடியும்? சத்தம் வராதுன்னு சொன்னேன். சொன்னாச் சொன்னதுதான்.”

“நானும் சொல்லிப் பாத்துட்டேன்,” என்றார் ஆன்ட்டி. “கேட்டாத்தானே. விசில் ஊதினா ஊதினதுதான்னு மீசையை முறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.”

“தப்பு என்னோடது அங்கிள்,” என்றாள் ஃபியூஸ். “என்ன சத்தம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காமலே நிறுத்தச் சொல்லிட்டேன். நீங்க நடங்க.”

நடுவர் தலையை ஆட்டினார். “அப்படி நேரத்துக்கு ஒண்ணு மாத்தினா ஆட்டம் என்ன ஆகும்?”

ஃபியூஸ் கொஞ்ச நேரம் யோசித்தாள். கெஞ்சினால் இவர் அசையமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

“நீங்க மைதானத்துல தப்பா விசில் ஊதினதே இல்லையா?”

ஆன்ட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கேளு, நல்லாக் கேளு!”

“ஊதியிருக்கேன்,” என்று நடுவர் முனகினார். “எல்லாரும்தான் ஊதறாங்க.”

“அப்ப என்ன செய்வீங்க?”

“ஆட்டம் மறுபடி தொடங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சா முடிவை மாத்திக்கலாம். தொடங்கிட்டா அவ்வளவுதான், ஒண்ணும் செய்ய முடியாது.”

“எங்க நிகழ்ச்சி நாளைக்குக் காலையிலதான் வெளிவருது,” என்றாள் ஃபியூஸ். “ஆட்டம் இன்னும் தொடங்கலை. நான் முடிவை மாத்திக்கறேன்.”

நடுவர் அவளை உற்றுப் பார்த்தார். மீசையின் ஒரு நுனி மேலே போனது.

“சரி. அப்ப புது விதியைச் சொல்லு. தெளிவாச் சொல்லணும்.”

“நீங்க நடந்தா நாங்க நிறுத்திக்குவோம். நீங்க உட்கார்ந்தா நாங்க பேசுவோம்.”

“உங்கம்மா ஒத்துக்குவாங்களா?”

“அவங்களுக்கு எலும்பைப் பத்தி எல்லாம் தெரியும்,” என்றாள் ஃபியூஸ். “ஒத்துக்குவாங்க.”

ஆன்ட்டி வாக்கரிலிருந்து துண்டை உருவிவிட்டு, வாக்கரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். நடுவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடது காலை ஊன்றினார். அவர் முகம் சட்டென்று மாறியது. மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இறுகிப்போச்சு,” என்றார். குரலில் இருந்த கனம் குறைந்திருந்தது. “இன்னிக்கு வேண்டாம். நாளைக்குப் பாத்துக்கலாம்.”

அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ வேறு ஒருவருடைய காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். இவர் விதிக்காக உட்காரவில்லை, இப்போது பயந்துதான் உட்கார்ந்திருக்கிறார் என்று ஃபியூஸுக்குப் புரிந்தது. பெரியவர்கள் பயப்படும்போது ‘பயப்படாதீங்க’ என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது. அது அவளுக்குத் தெரியும்.

“அங்கிள், எனக்கு ஒரு உதவி வேணும்.”

“சொல்லு.”

“எங்க மாமா ஒரு வாரமா ஒரு சத்தத்தைத் தேடிக்கிட்டிருக்கார். எலும்பு ஒடியற சத்தம் கிடைச்சுடுச்சு. அது கேரட். எலும்பு ஒட்டறப்ப வர்ற சத்தம்தான் கிடைக்கலை.”

“என் கால் ஒட்டறப்ப ஒரு சத்தமும் வரலையே. ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டுத்தானே கிடந்தேன்.”

“காலுக்குள்ள இல்ல அங்கிள். தரையில வருது. நாங்க கீழ இருந்து கேட்டோம்.”

நடுவர் தரையைப் பார்த்தார்.

“எங்க நிகழ்ச்சியில என் சத்தமா?” என்றார் கடைசியில்.

“ஒரே நிமிஷம். எங்கயும் போயிடாதீங்க!” என்று சொல்லிவிட்டு ஃபியூஸ் படியில் ஓடினாள்.

“எங்கம்மா போகப் போறேன்?” என்று பின்னால் கேட்டது.

கீழே விஷயத்தைக் கேட்டதும் மாமா இரண்டு கைகளையும் விரித்தார். “கும்பிட்டு நிறுத்தின சத்தத்தை, இப்ப நானே மைக்கைத் தூக்கிக்கிட்டுப் போய்க் கேக்கணுமா? நாளைக்குக் காலையில நிகழ்ச்சிடி!”

“எடுடா மைக்கை,” என்றாள் அம்மா. அவள் ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். “நான் பக்கம் பக்கமா எலும்பைப் பத்தி எழுதிக்கிட்டிருந்தேன். என் தலைக்கு மேலயே ஒரு எலும்பு நடந்திருக்கு. எனக்குத் தெரியலை.”

மேல் வீட்டில் மாமா தன் வேலையைத் தொடங்கியதும் வேறு ஆளாகிவிட்டார். மின்விசிறியை நிறுத்தினார். ஆன்ட்டியின் வளையலைக் கழற்றச் சொன்னார். தரையில் குப்புறப் படுத்து, வாக்கரின் கால்களுக்குப் பக்கத்தில் மைக்கை நீட்டினார்.

“இவரு மேல நான் விழுந்துட மாட்டேனே?” என்றார் நடுவர்.

“விழுந்தா அந்தச் சத்தமும் நல்லாத்தான் பதிவாகும். நீங்க நடங்க சார்,” என்றார் மாமா.

அம்மா நாற்காலிக்கு அருகில் குனிந்தாள். “உங்களுக்கு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவுதான். வலிச்சா உட்கார்ந்துடலாம். ஒரு அடி கிடைச்சாலும் எங்களுக்குப் போதும்.”

“திங்கட்கிழமை வரைக்கும் அந்த ஜன்னலுக்குப் பாதி தூரம் போயிருந்தேன்,” என்றார் நடுவர். கூடத்தின் கோடியில் ஒரு ஜன்னல் சாத்தியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

டக்.

அடுத்தது வர நேரமாயிற்று. ஃபியூஸ் ஹெட்போனில் அவருடைய மூச்சைக் கேட்டாள்.

சர்ர்ர்.

டக்.

கீழே இருந்து கேட்டபோது அது வெறும் இரைச்சல். இங்கே, இவ்வளவு பக்கத்தில், அதற்குள் எவ்வளவோ இருந்தது. அலுமினியம் நடுங்குவது, பாதம் தரையைத் தொடத் தயங்குவது, தொட்ட பிறகு மெல்ல எடை இறங்குவது. ஒவ்வோர் அடியும் உள்ளே போய், ‘இங்கே பலம் வேண்டும்’ என்று தட்டிச் சொல்வதாக அவளுக்குத் தோன்றியது.

பாதி தூரத்தில் நடுவர் நின்றார். நெற்றியில் வியர்வை. ஆன்ட்டி நாற்காலியைத் தூக்கப் போனார். அம்மா ஆன்ட்டியின் கையைத் தொட்டுக் காத்திருக்கச் சொன்னாள். தரையில் கிடந்த மாமா, நிறுத்தவா என்று கண்ணால் கேட்டார்.

ஃபியூஸ் தலையை ஆட்டினாள். வேண்டாம். அவருடைய மூச்சு மாறிவிட்டதை அவள் கேட்டிருந்தாள். களைத்துப்போன மூச்சு இல்லை அது. கிளம்பப் போகிறவரின் மூச்சு.

டக். சர்ர்ர். டக். சர்ர்ர். டக்.

மாமா மைக்கை நீட்டியபடி பல்லி போலப் பின்னாலேயே ஊர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு நினைத்து நினைத்துச் சிரித்தார்கள்.

நடுவரின் கை ஜன்னல் கட்டையைத் தொட்டது. அவர் ஒரு பெரிய மூச்சு விட்டார். தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தள்ளினார். சாயங்கால வெளிச்சமும் தெருவின் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தன. கீழே பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் ஆட்டத்தைக் கவனித்தார். அப்புறம் திடீரென்று,

“டேய் நீலச் சட்டை! கையில பட்டுது! ஃபவுல்!”

மாமா தரையிலேயே துள்ளி, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். கருவியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது. ஃபியூஸ் தன் ஹெட்போனை எப்போது கழற்றி எறிந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

தெருவில் பந்து நின்றது.

“யாருடா அது?” என்றது ஒரு குரல்.

“தெரியலைடா. ஆனா கையில பட்டது நிஜம்தான்.”

“நீ யாரு பக்கம்டா?”

“காது போச்சு,” என்று முனகிக்கொண்டே மாமா எழுந்து உட்கார்ந்தார். “அக்கா, கடைசியில வர்ற இந்தக் கத்தலை வெட்டிடறேன். கேக்கறவங்க பயந்துடுவாங்க.”

“ஒரு துளி வெட்டினாலும் உன்னை அலமாரியில போட்டுப் பூட்டிடுவேன்,” என்றாள் அம்மா. “நிகழ்ச்சியை அதுலதான் முடிக்கப் போறோம்.”

நடுவருக்கு இது எதுவும் காதில் விழவில்லை. ஒரு கையால் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கி, ஃப்ரீ கிக்கை எந்த இடத்திலிருந்து அடிக்க வேண்டும் என்று தெருவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வாக்கர் அவருக்கு ஓர் அடி பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தது.